உரமா, விதையா? முடிக்கும் தழும்புக்கும் போடும் புது ஊசிகள்

என் அக்கா மகனுக்கு 28 வயது. கடலூர் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. போன தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தவன் இலையில் உட்கார்ந்த பிறகும் தொப்பியைக் கழற்றவில்லை. அக்கா ஒரு அதட்டல் போட்டதும் கழற்றினான். நெற்றி இரண்டு பக்கமும் மேலே ஏறியிருந்தது, உச்சியில் தோல் மினுங்கியது. சாப்பிட்டு முடித்ததும் திண்ணைக்கு வந்து போனை நீட்டினான். புதுச்சேரியில் ஏதோ ஒரு கிளினிக்கின் விளம்பரம். உங்கள் ரத்தமே உங்கள் முடிக்கு மருந்து, ஆறு சிட்டிங், பேக்கேஜ் விலை, எக்ஸோசோம் சேர்த்து எடுத்தால் தள்ளுபடி.

"மாமா, நீங்கதான் காலமெல்லாம் ரத்தம் சுத்தினவராச்சே. இது நெசமா?"

மஞ்சக்குப்பத்தில் ஒரு லேபில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். டாக்டர் இல்லை. ஆனால் ரத்தத்தைக் குழாயில் பிடித்துச் சுழற்றினால் எது மேலே நிற்கும், எது கீழே இறங்கும், எந்தக் குழாயில் பிடித்தால் காரியம் கெடும் என்பதெல்லாம் கைக்குத் தெரியும். அன்றைக்குத் திண்ணையில் சொன்னதையும், பிறகு தேடிப் படித்ததையும், தோல் மருத்துவர்களிடம் கேட்டுத் தெளிந்ததையும் இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் எங்கள் கொல்லையில் நடந்த ஒன்று. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் எங்கள் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது கடலூர்க்காரர்கள் யாருக்கும் மறக்காது. எங்கள் முருங்கை இடுப்பு உயரத்தில் முறிந்து விழுந்தது. இரண்டே மாதத்தில் அந்தக் கட்டையிலிருந்து நாலைந்து கிளை வெடித்து வந்தது. பக்கத்துத் தென்னை சாயாமல் நின்றது, மட்டை மட்டும் முறுக்கிக்கொண்டிருந்தது. மரம் தப்பித்தது என்று சந்தோஷப்பட்டோம். உள்ளே குருத்து முறிந்துபோயிருந்தது தெரியவில்லை. உரம் வைத்தோம், தண்ணீர் கட்டினோம். கடைசியில் மொட்டைக் கம்பமாக நின்றதை வெட்டித்தான் போட்டோம். உரத்தில் ஒரு குறையும் இல்லை. வாங்கிக்கொள்ள அங்கே உயிர்தான் இல்லை.

இந்தக் கட்டுரையில் வரப்போகிற ஊசிகளில் அநேகமாக எல்லாமே உரம். அவற்றை விதை என்று சொல்லி விற்கிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

இந்த ஊசிகளுக்கெல்லாம் மீளுருவாக்க சிகிச்சை என்று பெரிய பெயராக வைத்திருந்தாலும் உள்ளே இருப்பது எளிய எண்ணம்தான். உடம்பில் அடிபட்டால் இரண்டு வழியில் சரியாகலாம். போனது போனபடியே திரும்ப வளர்வது ஒன்று. ஓட்டையை எதையாவது வைத்து அடைத்துவிடுவது இன்னொன்று. கல்லீரல் முதல் ரகம், ஒரு பகுதியை வெட்டி எடுத்தாலும் மீதி வளர்ந்து அளவை எட்டிவிடும். ஆழமாகக் காயம்பட்ட தோல் இரண்டாம் ரகம். பல்லி வாலை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். ஆனால் அதுவும் அச்சு அசலாகத் திரும்புவதில்லை. பழைய வாலில் முதுகெலும்புக் கண்ணிகள் இருக்கும், புது வாலில் வெறும் குருத்தெலும்புக் குழாய்தான். இரண்டாம் ரகத்தை முதல் ரகத்தின் பக்கம் கொஞ்சமாவது நகர்த்த முடியுமா என்று பார்ப்பதுதான் இந்த மருத்துவம். அதற்கு உடம்பிலிருந்தே எடுத்த பொருளை, ரத்தத்தையோ கொழுப்பையோ செல்களையோ, பயன்படுத்துகிறார்கள்.

ஒரு மயிர்க்காலுக்குள்

தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொன்றும் தோலுக்குள் இறங்கியிருக்கும் ஒரு சின்ன உறையிலிருந்து முளைக்கிறது. அதுதான் மயிர்க்கால். அதன் அடியில் பாப்பிலா என்றொரு குட்டி மேடு இருக்கிறது. வளரு, நிறுத்து என்று கட்டளை போடுவது அதுதான். அதற்குச் சற்று மேலே, புல்லரிக்கும்போது முடியை நிமிர்த்துகிற தசை வந்து ஒட்டும் இடத்தில் ஒரு புடைப்பு. புதுச் செல்களைப் பிறப்பிக்கும் மூல செல்கள், அதாவது ஸ்டெம் செல்கள், அங்கே குடியிருக்கின்றன என்று 1990இல்தான் கண்டார்கள். அதுவரை அடிவேரில் இருப்பதாகவே நினைத்திருந்தார்கள்.

முடி ஓயாமல் வளர்வதில்லை. 2 முதல் 6 வருடம் வளரும், இரண்டு மூன்று வாரம் சுருங்கும், மூன்று மாதம் போல ஓய்வெடுக்கும், பிறகு உதிரும். அதே காலிலிருந்து அடுத்தது கிளம்பும். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இந்தக் கணக்கில்தான் வருகிறது. சீப்பில் வந்ததை எண்ணிப் பார்த்துவிட்டு ராத்திரித் தூக்கத்தைத் தொலைப்பவர்கள் இந்த ஒரு வரியைப் படித்தாலே பாதி நிம்மதி.

ஆண்களுக்கு நெற்றி ஏறி உச்சி தெரிவது வேறு கதை. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் தோலில் டி.எச்.டி. என்ற வீரியமான வடிவமாக மாறுகிறது. பரம்பரையாக அதற்கு இடம் கொடுக்கிற மயிர்க்கால்கள் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்துப்போகின்றன. ஐந்து வருடம் வளர்ந்த முடி மூன்று வருடம் வளரும், பிறகு ஒரு வருடம், பிறகு சில மாதம். கடைசியில் பூனைமுடி. ஹார்மோனுக்கும் வழுக்கைக்கும் உள்ள இந்த உறவை 1942இல் எழுதிக் காட்டியவர் ஹாமில்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர். பருவம் வருமுன்பே விரை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழவில்லை. அவர்களுக்கே ஆண் ஹார்மோன் ஊசி போட்டால், வம்சத்தில் வழுக்கை இருந்தவர்களுக்கு விழத் தொடங்கியது. ஆக, ஹார்மோன் மட்டும் போதாது, வம்சமும் கை கோக்க வேண்டும்.

எங்கள் ஊரில் முடி கொட்டினால் முதல் பழி உப்புத் தண்ணீர் மேல் விழும். பழைய நகரமானாலும் சரி, புதுப்பாளையமானாலும் சரி, போர் தண்ணீரைச் சொல்லாதவர் இல்லை. உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், நடுவில் உடையவும் வைக்கலாம். நெற்றியை மேலே ஏற்றுவது அதன் வேலை இல்லை. இருந்திருந்தால் ஒரே கிணற்றில் குளிக்கிற அக்காவுக்கும் பையனுக்கும் ஒரே மாதிரி கொட்டியிருக்க வேண்டும்.

அப்புறம் ஒரு விநோதம். வழுக்கை விழுந்த தோலை 2011இல் ஆராய்ந்தவர்கள் அங்கேயும் மூல செல்கள் ஏறக்குறைய பழைய எண்ணிக்கையிலேயே இருப்பதைக் கண்டார்கள். அவற்றிலிருந்து பிறந்து முடியைக் கட்டவேண்டிய அடுத்த படி செல்கள்தான் குறைந்திருந்தன. அதாவது கட்டையில் உயிர் இருக்கிறது, துளிர்க்கத்தான் மறுக்கிறது. உரம் போட்டுப் பார்க்கலாம் என்ற ஆசைக்கு இது ஒரு காரணம்.

ரத்தத்தைச் சுழற்றும்போது

இனி என் வேலை. ரத்தத்தில் சிவப்பணு, வெள்ளையணு, பிளேட்லெட் என்று மூன்று. பிளேட்லெட் என்ற சொல் நம் வீடுகளில் புழங்க ஆரம்பித்ததே டெங்குவால்தான். "கவுன்ட் எவ்வளவு?" என்று கேட்காத அம்மா இல்லை, பப்பாளி இலையைத் தேடாத வீடு இல்லை. சாதாரணமாக ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை இருக்கும். இது முழு செல் அல்ல. எலும்பு மஜ்ஜையில் இருக்கும் ஒரு ராட்சத செல்லிலிருந்து உடைந்து வந்த துணுக்கு. அதற்கு உட்கரு கிடையாது, ஆயுள் 7 முதல் 10 நாள்.

காயத்தில் ரத்தத்தை நிறுத்துவது அதன் வேலை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அது பாதிதான். ஒவ்வொரு பிளேட்லெட்டுக்குள்ளும் டஜன் கணக்கில் சின்னச் சின்னப் பைகள் இருக்கின்றன. அவற்றில் வளர்ச்சிக் காரணிகள் என்ற புரதங்கள். ரத்தக் குழாயை முளைக்க வை, செல்லைப் பெருக வை, கொலாஜன் நூலை நெய் என்று அக்கம்பக்கத்துச் செல்களுக்குச் சொல்லும் தபால்கள் அவை. காயம்பட்ட இடத்தில் பிளேட்லெட் ஒட்டியதும் பை உடைந்து தபால் கொட்டும். ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பகுதி வெளியே வந்துவிடும்.

பி.ஆர்.பி. என்று மூன்றெழுத்தில் சொல்வது இந்தப் பிளேட்லெட்டைச் செறிவாக்கிய ரத்த நீரைத்தான். கையிலிருந்து 10 முதல் 20 மில்லி ரத்தம் எடுப்பார்கள். உறையாமல் தடுக்கும் சிட்ரேட் கலந்த குழாயில்தான் பிடிக்க வேண்டும். கொழுப்புக்குப் பிடிப்பதுபோல் உறைகிற குழாயில் பிடித்தால் பிளேட்லெட் அங்கேயே தபாலைக் கொட்டிவிடும், ஊசியில் வருவது காலிப் பை. பிறகு சென்ட்ரிஃப்யூஜ் என்ற சுழற்றும் இயந்திரத்தில் வைத்து மெதுவாக ஒரு சுற்று. கனமான சிவப்பணு அடியில் இறங்கும், நடுவே வெள்ளையாக மெல்லிய ஏடு, மேலே வைக்கோல் நிறத் தண்ணீர். அந்த மேல்பகுதியை மட்டும் வேறு குழாய்க்கு மாற்றி, வேகத்தைக் கூட்டி இரண்டாவது சுற்று. இப்போது பிளேட்லெட் அடியில் ஒதுங்கும். மேலே இருக்கும் நீரில் பெரும்பகுதியைக் கொட்டிவிட்டு மிச்சத்தை எடுத்தால் சாதாரண ரத்தத்தைப்போல மூன்று முதல் ஐந்து மடங்கு செறிவு கிடைக்கும். அதைத்தான் தலையில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் குத்திக் குத்திப் போடுகிறார்கள்.

இவ்வளவு விவரமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. சுற்றின் வேகம், நேரம், குழாய் இவற்றில் ஒன்று மாறினாலும் வந்துசேரும் பொருள் மாறிவிடும். ஒரே பெயரில் இரண்டு கிளினிக்கில் இரண்டு வேறு மருந்து போடுகிறார்கள் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவராததற்கு இது பெரிய காரணம். ஒரு ஆய்வில் முடியின் அடர்த்தி கூடியது, இன்னொன்றில் ஒப்பிடுவதற்காக வெறும் உப்புநீர் ஊசி போட்ட பக்கத்துக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. மொத்தமாகப் பார்த்தால், இன்னும் முடி இருக்கிற, சிறுத்துக்கொண்டிருக்கிற தலையில் ஓரளவு பலன் தெரிகிறது என்றுதான் சொல்ல முடிகிறது. மாதம் ஒன்றாக மூன்று நான்கு முறை, பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறை. நிறுத்தினால் டி.எச்.டி. தன் வேலையைத் தொடரும், ஏனென்றால் இந்த ஊசி அதைத் தொடுவதே இல்லை.

அதைத் தொடும் மருந்து வேறு. ஃபினாஸ்டெரைடு மாத்திரை. புரோஸ்டேட் வீக்கத்துக்கு வந்தது, 1997இல் அமெரிக்காவில் வழுக்கைக்கும் அனுமதி பெற்றது. இன்னொன்று தலையில் தடவும் மினாக்சிடில், 1988இலிருந்து இருக்கிறது. அது ரத்த அழுத்த மாத்திரையாக இருந்தபோது சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி முளைத்ததால் தலைக்கு வந்தது. இரண்டும் பழசு, விலை குறைவு, தினமும் எடுக்க வேண்டும், பக்கவிளைவும் உண்டு. விளம்பரத்தில் அழகாக இருக்காது. ஆனாலும் ஊசிக்குப் போகுமுன் தோல் மருத்துவர்கள் பேசுவது இவற்றைப் பற்றித்தான். பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரையை வாங்கிப் போடுவது மட்டும் வேண்டாம்.

காகம் உட்கார, பனம்பழம் விழ

அக்கா மகன் தன்னுடன் வேலை செய்யும் ஒருவரைச் சொன்னான். கொத்துக் கொத்தாகக் கொட்டியதாம், நான்கு ஊசி போட்டாராம், ஆறு மாதத்தில் பழையபடி அடர்த்தியாம். "அவருக்கு அதுக்கு முன்னாடி காய்ச்சல் ஏதாவது வந்துச்சா?" என்று கேட்டேன். டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார்.

இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், ஏமாற்றுகிறவர்களும் பாதிப் பேர் தெரிந்து செய்வதில்லை. கடும் காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, பட்டினி கிடந்து எடை குறைப்பது போன்ற அதிர்ச்சி வந்தால் நிறைய மயிர்க்கால்கள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். ஓய்வு மூன்று மாதம் என்றேன் அல்லவா, அதனால் காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் கொட்ட ஆரம்பிக்கும். காய்ச்சலையே மறந்திருப்போம். வேர் ஒன்றும் சாகவில்லை, எல்லாம் சேர்ந்து உறங்கி எழுகின்றன, அவ்வளவுதான். பெரும்பாலும் ஆறு மாதம் போலத் தானாகவே திரும்பிவிடும். நடுவில் ஊசி போட்டிருந்தால் ஊசிக்குப் பெயர், சின்ன வெங்காயம் தேய்த்திருந்தால் வெங்காயத்துக்குப் பெயர்.

புழுவெட்டும் அப்படித்தான். காசளவு வட்டமாக முடி போகிறது. புழு எதுவும் கடிப்பதில்லை, நம் நோய் எதிர்ப்பு அணுக்களே மயிர்க்காலைத் தாக்குகின்றன. ஒன்றிரண்டு வட்டம் என்றால் தானே முளைத்துவிடுவது சகஜம். தலை முழுக்கப் பரவியவர்களுக்கு எதிர்ப்பு அணுக்களின் கோபத்தை அடக்கும் மாத்திரை இப்போது இருக்கிறது. பாரிசிட்டினிப் என்பது 2022இல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி பெற்றது.

இதற்கு நேர் எதிரான ஒன்று உண்டு. சில நோய்களில் மயிர்க்காலே அழிந்து, அந்த இடத்தில் தழும்புத் திசு உட்கார்ந்துவிடும். தோல் மருத்துவர் டெர்மோஸ்கோப் என்ற பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால் முடி வெளியே வரும் துளையே அங்கே இருக்காது. எங்கள் தென்னைபோல. அந்தத் தலையில் எத்தனை சிட்டிங் போட்டாலும் பணம்தான் உதிரும். நோய் பரவாமல் நிறுத்துவதுதான் அங்கே அவசரம், அதற்கு மருந்து வேறு.

தழும்பு

பண்ருட்டிப் பக்கம் என் பெரியம்மா மகள் இருக்கிறார். சின்ன வயதிலிருந்தே முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை. முந்திரி ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் பட்டால் தோல் வெந்து கொப்பளிக்கும். கையில் சாம்பலைத் தடவிக்கொண்டுதான் உடைப்பார்கள், அதையும் மீறிப் படும். அந்த அக்காவின் விரல்களைப் பார்த்தால் தழும்பு என்றால் என்னவென்று பாடமே எடுக்கலாம். கருத்து, சில இடத்தில் வெளுத்து, வழவழவென்று, மடக்கினால் இழுக்கும்.

தோலின் அடியடுக்கில் கொலாஜன் என்ற புரத நூல்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கின்றன. தேவனாம்பட்டினத்துக் கரையில் வலை சரிசெய்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். கைதேர்ந்தவர் கிழிந்த கண்ணியை அதே அளவில் பின்னிக்கொண்டே வருவார், கிழிசல் இருந்த இடம் தெரியாது. அவசரத்தில் இருப்பவர் இரண்டு ஓரத்தையும் கயிறு போட்டு இழுத்துக் கட்டிவிடுவார். மீன் தப்பாது, ஆனால் வலை அந்த இடத்தில் சுருங்கி விறைத்து நிற்கும். ஆழமான காயத்தில் நம் தோல் இந்த இரண்டாவது ஆள். கிருமி உள்ளே போகுமுன் வாசலை அடைக்க வேண்டும் என்ற அவசரம். நூல்கள் பின்னலாக இல்லாமல் ஒரே திசையில் அடுக்கப்படுகின்றன. முடி முளைக்காது, வியர்வைச் சுரப்பி கிடையாது. ஒரு வருடம்வரை அந்த நூல்களை உடம்பு மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டே இருக்கும். அப்படியும் பழைய தோலின் பலத்தில் 80 சதவீதத்துக்கு மேல் எட்டாது. கருவில் இருக்கும் குழந்தைக்கு ஆறாவது மாதம் வாக்கில்வரை காயம் தழும்பில்லாமல் ஆறுகிறது. அந்தத் திறமையை எங்கே தொலைத்தோம் என்பதுதான் இந்தத் துறையின் நெடுநாள் கேள்வி.

பெரிய காயம் ஆறும்போது நடுவில் புது மயிர்க்கால் முளைப்பதை 2007இல் எலியில் கண்டார்கள். அதைக் காட்டி இங்கே தோலில் குத்தி உருட்டும் நுண்ணூசி ரோலர் விற்கிறார்கள். எலி வேறு, நாம் வேறு. ஆனால் நுண்ணூசி உருட்டுவது வெறும் ஏமாற்று என்றும் தள்ள முடியாது. 2013இல் மும்பையில் 100 ஆண்களை வைத்துச் செய்த ஆய்வில், மினாக்சிடில் மட்டும் தடவியவர்களைவிட, அதோடு வாரம் ஒருமுறை நுண்ணூசியும் உருட்டிக்கொண்டவர்களுக்கு 12 வாரத்தில் முடி கூடுதலாக வந்தது.

தழும்புக்கு இந்த ஊசிகளின் தர்க்கம் கொஞ்சம் குறும்பானது. பழைய கட்டை அவிழ்க்க வேண்டும் என்றால் மறுபடி காயம் செய்ய வேண்டும், ஆனால் அளந்து செய்ய வேண்டும். மில்லிமீட்டர் கணக்கில் நுண்ணூசியோ லேசரோ கொண்டு ஆயிரக்கணக்கில் சின்னத் துளை போடுகிறார்கள். உடம்பு ஆற்றும் வேலையை மறுபடி தொடங்குகிறது, இந்தத் தடவை அவசரம் இல்லை. அந்த நேரத்தில் மேலே பி.ஆர்.பி.யைப் பூசினால் தபால்களும் சேர்கின்றன. பருக்குழிகளில் இது ஓரளவு கைகொடுக்கிறது. ஆனால் குழியின் ரகம் பார்க்க வேண்டும். அலை அலையாக இறங்கியிருப்பது அடியில் நார் பிடித்து இழுப்பதால் வருவது, அந்த நாரை ஊசியால் அறுத்துவிட வேண்டும். ஊசி குத்தியதுபோல் ஆழமாக இருக்கும் துளைக்கு அமிலப் புள்ளி வைப்பார்கள். வயிற்றிலிருந்து கொழுப்பை எடுத்துக் குழியின் அடியில் நிரப்புவதும் உண்டு. கொழுப்போடு வரும் செல்கள் மேல்தோலையும் கொஞ்சம் மென்மையாக்குகின்றன என்கிறார்கள், நிரப்பியதில் ஒரு பகுதி கரைந்தும் போகும். தீக்காயத்தில் நிறம் மட்டும் போயிருந்தால், நல்ல தோலிலிருந்து நிறச் செல்களைப் பிரித்து வெளுத்த இடத்தில் விதைப்பது உண்டு. வெண்படைக்கும் அதே முறைதான். இந்தக் கட்டுரையில் விதை என்ற சொல்லுக்கு நியாயமாகப் பொருந்துவது இது.

கெலாய்டு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். காது குத்திய இடத்திலோ, நெஞ்சிலோ, தடுப்பூசி போட்ட தோளிலோ தழும்பு காயத்தின் எல்லையைத் தாண்டிப் புடைத்து வளர்ந்தால் அது கெலாய்டு. அங்கே நெசவு குறைவாக இல்லை, நிற்காமல் நெய்துகொண்டிருக்கிறது. அப்படி உடம்புவாகு உள்ளவர்கள் அழகுக்காக உருட்டிக் குத்திக்கொண்டால் ஒவ்வொரு துளையும் புதுப் புடைப்பாக மாறலாம். அதற்கு ஸ்டெராய்டு ஊசி, சிலிக்கான் ஒட்டு என்று அடக்குகிற வைத்தியம்தான்.

எக்ஸோசோம், ஸ்டெம் செல்

விளம்பரத்தில் தள்ளுபடி போட்டிருந்தது இதற்குத்தான். செல்கள் தங்களுக்குள் செய்தி அனுப்ப 30 முதல் 150 நானோமீட்டர் அளவில் குமிழிகளை வெளியே விடுகின்றன. 1980களில் கண்டபோது செல் தன் குப்பையைக் கொட்டுகிறது என்றுதான் நினைத்தார்கள். இப்போது அதற்குள் செய்தி இருக்கிறது என்று தெரிகிறது. வேறொருவரின் மூல செல்லை வளர்த்து, அது விடும் குமிழிகளைச் சேகரித்துக் குப்பியில் விற்கிறார்கள். சிலது தாவரத்திலிருந்து என்கிறார்கள். இதோடு சேர்த்தே சால்மன் மீனின் விந்திலிருந்து எடுத்த டி.என்.ஏ. துண்டுகளும் விற்பனைக்கு வருகின்றன.

பி.ஆர்.பி.க்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம். அது உங்கள் ரத்தம், உங்கள் கண்ணெதிரே எடுத்து உங்களுக்கே போவது. இது யாருடையதோ, எங்கேயோ தயாரானது. குப்பிக்குள் எத்தனை குமிழி, அதில் என்ன செய்தி என்று வாங்குபவர் சரிபார்க்க வழியில்லை. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எந்த எக்ஸோசோம் பொருளுக்கும் அனுமதி தந்ததில்லை. நெப்ராஸ்காவில் சிலருக்குக் கடுமையான பாதிப்பு வந்தபின் 2019 டிசம்பரில் பொது எச்சரிக்கையே விட்டது. மூல செல்லைப் பொறுத்தவரை நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு தேசிய வழிகாட்டுதல் தெளிவாக இருக்கிறது. ரத்தம் சார்ந்த நோய்களுக்கான மஜ்ஜை மூல செல் மாற்று போன்றவற்றைத் தவிர மற்றதெல்லாம் ஆய்வு நிலையில்தான், முறையான மருத்துவ ஆய்வுக்குள் மட்டும்தான். அப்படி ஆய்வில் சேர்ப்பவர் உங்களிடம் பேக்கேஜ் விலை பேச மாட்டார்.

மூல செல்லே பொய் என்று நினைத்துவிட வேண்டாம். தோல் செல்லை ஆய்வகத்தில் தாளாக வளர்க்கும் வித்தை 1975இலேயே வந்துவிட்டது. தீக்காயத்தில் தோல் முழுக்கப் போனவர்களை அது காப்பாற்றியிருக்கிறது. ஜெர்மனியில் தோல் உரியும் பரம்பரை நோயால் சாகக் கிடந்த ஏழு வயதுச் சிறுவனுக்கு, மரபணுவைத் திருத்தி வளர்த்த தோலை உடம்பின் 80 சதவீதத்துக்கு ஒட்டிப் பிழைக்கவைத்ததை 2017இல் வெளியிட்டார்கள். அப்படி வளர்த்த தோலிலும் மயிர்க்கால் வருவதில்லை. உலகத்தின் மிகச் சிறந்த ஆய்வகங்கள் இன்னும் தடுமாறும் இடம் அது. ஒரு குப்பியில் வந்துவிட்டது என்று நம்புவதற்கு முன் இதை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம்.

சுத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உரிமம் இல்லாத ஓர் அழகு நிலையத்தில் 2018இல் முகத்துக்கு ரத்த நுண்ணூசி செய்துகொண்ட குறைந்தது மூன்று பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியதாக அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024இல் அறிவித்தது. லேபில் இருந்தவன் என்பதால் எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. இரண்டு பேர் ரத்தம் ஒரே மேஜையில் இருந்து, குழாயில் பெயர் எழுதாமல் விட்டால் போதும். உங்கள் பெயர் எழுதிய குழாய், உங்கள் முன் பிரித்த ஊசி, இரண்டையும் கண்ணால் பாருங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ளும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். ஊசியைப் பிடிப்பவர் தோல் மருத்துவம் படித்தவரா என்றும் பாருங்கள். அழகு அறுவை, முடி நடுவது பற்றி 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் விட்ட அறிவிப்பில், யூடியூப் பார்த்துக் கற்பது பயிற்சி ஆகாது என்று எழுத வேண்டியிருந்தது என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளுங்கள். ரத்தம் இளக மாத்திரை சாப்பிடுபவர்கள், பிளேட்லெட் குறைந்தவர்கள், தலையில் புண் இருப்பவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் பி.ஆர்.பி. பற்றி யோசிக்குமுன் தங்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

அக்கா மகனைப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு அனுப்பினேன். லீவு போட்டு, காலையில் பஸ் பிடித்துப் போய், வரிசையில் நின்று சலித்துக்கொண்டுதான் காட்டினான். டெர்மோஸ்கோப் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். துளைகள் இருக்கின்றன, முடிதான் ஒன்று தடியும் ஒன்று மெல்லியதுமாகச் சிறுத்துக்கொண்டிருக்கிறது. மினாக்சிடில் எழுதிக்கொடுத்து, முதல் இரண்டு மாதம் இன்னும் கொஞ்சம் கொட்டும், பயந்து நிறுத்தாதே, ஆறு மாதம் கழித்து வா, ஊசியைப் பற்றி அப்போது பேசுவோம் என்றார்களாம். மாதம் ஒருமுறை ஒரே சன்னல் வெளிச்சத்தில், ஒரே தூரத்தில் போட்டோ எடுக்கச் சொன்னேன். விளம்பரத்தின் முன்-பின் படங்களில் பாதி வித்தை வெளிச்சத்திலும் ஈரத் தலையிலும்தான் இருக்கிறது. நான்காவது மாதப் படத்தை அனுப்பி, "வளந்திருக்கா மாமா?" என்று கேட்டான். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அதையே எழுதி அனுப்பினேன்.

பண்ருட்டி அக்காவின் கேள்வி வேறு. இந்தப் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவர் தன் விரலை நீட்டினார். "எனக்கு அழகெல்லாம் வேணாம் தம்பி. ரேஷன் கடையில கைரேகை விழ மாட்டேங்குது. இந்த ஊசி போட்டா ரேகை வருமா?"

கைரேகையின் அச்சு மேல்தோலில் இல்லை. அதற்குக் கீழே, அடியடுக்கின் மேடு பள்ளத்தில் இருக்கிறது. மேல்தோல் மட்டும் உரிந்திருந்தால் எத்தனை முறை உரிந்தாலும் அதே ரேகை திரும்பி வரும், ஊசியே வேண்டாம். காயம் அடியடுக்குவரை இறங்கித் தழும்பு கட்டியிருந்தால் எந்த ஊசியாலும் வராது. விரலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் வழவழவென்று இருந்தன. இடது கைச் சுண்டுவிரலில் மட்டும் லேசாகக் கோடுகள் ஓடின. அடுத்த மாதம் அரிசி வாங்கப் போகும்போது கருவியில் அந்த விரலை வைத்துப் பார்க்கச் சொன்னேன்.